‘பிழைக்காது’ என்று முடிவு செய்தது யார்?

வயிற்றிலிருக்கும் சிசு இப்போதே வெளியே வந்துவிட்டால் பிழைக்குமா என்ற கேள்விக்கு ஆங்கில மருத்துவமும் ஆங்கிலச் சட்டமும் ஒரே சொல்லில் விடை வைத்திருக்கின்றன. பிழைக்க வல்லது என்றால் ‘வயபிள்’, அந்தத் தன்மை ‘வயபிலிட்டி’, அது இல்லையென்றால் ‘நான்-வயபிள்’. நம் ஊர் மருத்துவமனைகளின் பிரசவ அறைகளிலும் இந்தச் சொற்கள்தான் புழங்குகின்றன. இவற்றைச் சுற்றி ஒரு பொதுக்கருத்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சிசு பிழைக்கத் தொடங்கும் வாரம் ஒன்று இயற்கையிலேயே இருக்கிறது, அது ஏறத்தாழ 24-ஆவது வாரம், அதற்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் இல்லை. மருத்துவர் அந்த எல்லையைக் கண்டு சொல்பவரே தவிர, அதை வரைபவர் அல்லர் என்பது அந்தக் கருத்து. படித்தவர்கள் இதை அறிவியல் உண்மையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றங்கள் இதன்மேல் பெண்களின் உரிமைகளைக் கட்டியிருக்கின்றன. இது தவறு என்பதே என் வாதம். பிழைக்கும் திறன் என்று நாம் சொல்வது சிசுவின் உடலுக்குள் மட்டும் இருக்கும் குணமல்ல. அந்த உடலுக்கும், அதை ஏந்தும் கைகளுக்கும், அந்தக் கைகளுக்குக் கிடைக்கும் கருவிகளுக்கும், முயன்று பார்ப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கும் இடையில் உருவாவது அது. ‘பிழைக்காது’ என்ற தீர்ப்பு பல நேரங்களில் தன்னைத் தானே உண்மையாக்கிக் கொள்கிறது. அதனால்தான் இது சொல் பற்றிய சண்டை அல்ல, உயிர் பற்றிய சண்டை.

இந்த எல்லை எத்தனை முறை நகர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே இயற்கை வரைந்த கோடு என்ற எண்ணம் ஆட்டம் காணும். ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கிரேக்க மருத்துவ மரபில் ஹிப்போகிரட்டிஸின் பெயரில் வழங்கும் நூல்களில், எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனியாக ஒன்று இருக்கிறது. அதுவும் இதையே சொல்கிறது. ஒரு மாதம் கூடுதலாக வளர்ந்த குழந்தைக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது இன்று எவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கற்றவர்கள் இதை நம்பினார்கள். எண் சோதிடத்திலிருந்து வந்த எல்லை அது என்று ஒதுக்கிவிடலாம். அறிவியல் காலத்து எல்லைகளின் கதை என்ன? இங்கிலாந்தில் 1929-ஆம் ஆண்டுச் சட்டம், 28 வாரம் ஆன சிசு உயிரோடு பிறக்க வல்லது என்று கொண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் ரோ எதிர் வேட் வழக்கில், பொதுவாக 28 வாரம், சில நேரம் 24 வாரத்திலேயேகூட என்று எழுதியது. இங்கிலாந்து 1990-இல் 24 வாரத்துக்கு இறங்கியது. ஜப்பான் 1991-இல் 24-லிருந்து 22-க்கு இறக்கியது. 2020 ஜூலையில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 21 வாரமும் ஒரு நாளும் ஆன நிலையில், 420 கிராம் எடையோடு பிறந்த ஆண் குழந்தை பிழைத்தது. 2024 ஜூலையில் அயோவா மாநிலத்தில் சரியாக 21 வாரத்தில், 283 கிராம் எடையில் பிறந்த இன்னொரு குழந்தையும் பிழைத்தது. இத்தனை ஆண்டுகளில் மனிதக் கருவின் வளர்ச்சி ஒரு நாள்கூட வேகம் பிடிக்கவில்லை. 1929-இன் 24 வாரச் சிசுவுக்கு இருந்த அதே நுரையீரல்தான் இன்றைய 24 வாரச் சிசுவுக்கும். மாறியதெல்லாம் வெளியே.

ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்ட் 7 அன்று ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். உலகிலேயே வலிமை மிக்க நாட்டின் அதிபரின் பிள்ளை. பாஸ்டனின் தலைசிறந்த மருத்துவர்கள் கையில் இருந்தான். 39 மணி நேரத்தில் இறந்து போனான். நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சை வெளியே விடும்போது சுருங்கி மூடிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் அவனிடம் போதிய அளவில் இல்லை. அந்தக் குறைதான் நோயின் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-லேயே காட்டியிருந்தார்கள். காரணம் தெரிந்திருந்தது, கையில் மருந்து இல்லை. ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா 1980-இல்தான் பத்துக் குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தப் பொருளை மூச்சுக்குழாய் வழியே செலுத்திப் பலன் கண்டதை வெளியிட்டார். இன்று 34 வாரம் கடந்து பிறக்கும் குழந்தை இறப்பது வசதியுள்ள மருத்துவமனையில் மிக அரிது. பேட்ரிக் பிழைக்க வல்லவனாக இருந்தானா இல்லையா? அவன் உடலை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்லவே முடியாது. எந்த ஆண்டில், எந்த மருந்தோடு என்று சேர்த்துக் கேட்டால்தான் கேள்விக்கே பொருள் உண்டாகிறது. இதைவிட வலிக்கும் செய்தி ஒன்று உண்டு. குறைப்பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் வேகமாக முதிரும் என்று நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹவியும் 1972-இல் ஒழுங்கான பரிசோதனை நடத்தி நிறுவினார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தொருமிப்புக் கூட்டம் அதைப் பரவலாகப் போடும்படி பரிந்துரைத்தது 1994-இல். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் அந்த மலிவான ஊசி போடப்படாமலே எத்தனையோ குழந்தைகள் பிறந்து இறந்தன. அவற்றின் குறிப்பேட்டில் காரணம் அவற்றின் முதிர்ச்சியின்மை என்றே பதிவாகியிருக்கும்.

இதெல்லாம் காலத்தால் வந்த முன்னேற்றம், எல்லை மெல்ல இறங்குகிறது, அவ்வளவுதான். எந்தக் காலத்தை எடுத்தாலும் அன்றைக்கு ஒரு உறுதியான எல்லை இருக்கத்தானே செய்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே காலத்தில், ஒத்த செல்வமும் ஒத்த அறிவும் உள்ள இடங்களை அருகருகே வைத்துத்தான் இதற்கு விடை தேட வேண்டும். சுவீடனில் 2004 முதல் 2007 வரை நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கில், 23-ஆவது வாரத்தில் உயிரோடு பிறந்த குழந்தைகளில் 53 விழுக்காடு ஓராண்டைக் கடந்தன. பிரான்சில் அதற்குப் பிறகு, 2011-இல் எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணக்கில், 24 வாரத்துக்கு முன் பிறந்தவற்றில் பிழைத்து வீடு திரும்பியவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 24-ஆவது வாரத்திலேயே சுவீடனில் 67, பிரான்சில் 31. இரண்டும் வளமான நாடுகள். இரண்டிலும் அரசே மருத்துவத்துக்குப் பொறுப்பேற்கிறது. வென்டிலேட்டரும் சர்ஃபாக்டன்டும் பாரிஸில் கிடைக்காத பொருள்களல்ல. பிரெஞ்சுச் சிசுக்கள் சுவீடன் சிசுக்களைவிட நோஞ்சான்களும் அல்ல. சுவீடனில் 23-ஆவது வாரத்தில் பெரும்பாலும் முயன்றார்கள். பிரான்சில் அந்த வாரத்தில் பெரும்பாலும் முயலவில்லை, வலியில்லாமல் போகட்டும் என்று துணையிருந்தார்கள். இரண்டு நாடுகளின் மரணக் கணக்கையும் பிரித்தது மருத்துவர் சமூகத்தின் மனப்பாங்கு.

நாடுகளை ஒப்பிடுவதில் ஆயிரம் சிக்கல் உண்டு என்பவர்களுக்காக ஒரே நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவின் 24 மருத்துவமனைகளில் 2006 முதல் 2011 வரை பிறந்த ஏறத்தாழ ஐயாயிரம் மிகக் குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. 22-ஆவது வாரத்தில் பிறந்தவற்றில் சில மருத்துவமனைகள் நூற்றுக்கு எட்டுக் குழந்தைகளுக்குக்கூடச் சிகிச்சை தொடங்கவில்லை. வேறு சில மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் தொடங்கின. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வாரத்தில் பிழைத்தவை 5 விழுக்காடு. சிகிச்சை தொடங்கப்பட்டவற்றை மட்டும் எடுத்தால் 23 விழுக்காடு. 22, 23 வாரங்களில் மருத்துவமனைக்கு மருத்துவமனை உயிர்பிழைப்பில் காணப்பட்ட வேறுபாட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேலானதை, சிகிச்சை தொடங்கினார்களா இல்லையா என்ற ஒன்றே விளக்கிவிட்டது. இந்த எண்களின் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். 22 வாரக் குழந்தை பிழைக்காது என்று நம்பும் மருத்துவமனை அதற்குக் குழாய் போடுவதில்லை. குழாய் போடாததால் குழந்தை இறக்கிறது. அந்த இறப்பு ஆண்டு அறிக்கையில் ஏறுகிறது. 22 வாரத்தில் உயிர்பிழைப்பு பூஜ்யம் என்று அறிக்கை சொல்கிறது. அடுத்த ஆண்டு வரும் தாயிடம் அந்த பூஜ்யத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள். இந்தச் சுழலுக்குள் இருப்பவர் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் கண்ணால் கண்டதையே சொல்கிறார். ஆனால் கண்டது, தாங்கள் முன்பு செய்த முடிவின் நிழலை. பதினைந்தாவது வாரக் கருவைப் பற்றி ஒருவர் இந்த வாதத்தை வைத்தால் நான் ஏற்க மாட்டேன். அங்கே யார் முயன்றாலும் முடிவு ஒன்றுதான். 22, 23 வாரங்களில் முயன்றவர்கள் வென்றிருக்கிறார்கள். ஜப்பானில் 2003-க்கும் 2005-க்கும் இடையே 22-ஆவது வாரத்தில் பிறந்து சிகிச்சை பெற்றவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பிழைத்தன. அது தெரிந்த பிறகும் பூஜ்யத்தை இயற்கையின் விதியாகக் காட்டுவது அறியாமை என்ற அளவைத் தாண்டிவிட்டது.

உடலுக்கு எந்த எல்லையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நுரையீரலில் காற்றறையின் சுவரும் நுண்ணிய ரத்தக்குழாயும் ஒன்றையொன்று நெருங்கி வராதவரை, எந்த எந்திரத்தாலும் ஆக்சிஜனை ரத்தத்தில் சேர்க்க முடியாது. அந்த நெருக்கம் ஏறத்தாழ 21, 22 வாரத்தையொட்டித்தான் உருவாகத் தொடங்குகிறது. 23-ஆவது வாரத்தில் பிறக்கும் குழந்தையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு உடலின் எல்லையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரைக் கிலோவை ஒட்டிய எடை. இமைகள் பல நேரம் இன்னும் பிரியாமல் ஒட்டியிருக்கும். தோல் செக்கச்செவேலென்று, உள்ளே ஓடும் நரம்பு தெரிய, தொட்டால் உரியும் நிலையில் இருக்கும். அதன் வழியே நீரும் சூடும் கசிந்து போய்க்கொண்டே இருப்பதால், பிறந்த நொடியிலேயே துடைக்கக்கூட நேரம் எடுக்காமல் ஒரு பாலிதீன் பைக்குள் கழுத்துவரை வைத்துச் சூடேற்றும் விளக்கின் கீழ் கிடத்துகிறார்கள். மூச்சுக்குழாயில் இறக்கும் குழாயின் உள்விட்டம் இரண்டரை மில்லிமீட்டர். உடம்பில் ஓடும் மொத்த ரத்தமும் மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வராது. பரிசோதனைக்கென்று ஒரு மில்லி எடுத்தாலும் அது பெரிய இழப்பு என்பதால், எத்தனை முறை ஊசி குத்தலாம் என்று செவிலியர் கணக்குப் பார்த்துக் குத்துகிறார். முதல் ஒரு மணி நேரத்தில் இவை அனைத்தும் வரிசை பிசகாமல், பதற்றமில்லாமல் நடந்தாக வேண்டும். இதைப் பழகிய குழுவின் கையில் பிழைக்கும் குழந்தை, ஆண்டுக்கு ஒன்றிரண்டு மட்டுமே பார்க்கும் குழுவின் கையில் அதே வாரத்தில், அதே எடையில் இறந்து போகலாம். உடலின் அடித்தளம் இருக்கிறது என்பது உண்மை. சட்டப் புத்தகத்திலும் மருத்துவமனைச் சுவரிலும் எழுதியிருக்கும் எண் அந்த அடித்தளத்தின் அளவு அல்ல. அடித்தளத்துக்கு மேலே, எவ்வளவு தூரம் இறங்கிப் போய்த் தூக்கிவரத் தயாராக இருக்கிறோம் என்று நாம் வைத்துக்கொண்ட அளவு.

எதிர்ப்பதத்தின் பக்கம் வருவோம். அங்கே குழப்பம் இன்னும் ஆழம். ‘நான்-வயபிள்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது அடியோடு வேறான மூன்று நிலைகள் ஒரே பெயருக்குள் அடைபடுகின்றன. மூளையும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாகாத சிசு, கருக்குழாயில் தங்கிவிட்ட கரு போன்றவற்றுக்கு எந்த வாரத்திலும், எந்த ஊரிலும் வழியில்லை. இது முதல் நிலை. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் ஸ்கேனில் இதயத்துடிப்பு காணாமல், கரு வளர்வதை நிறுத்திவிட்டது என்று அறிவது இரண்டாவது. எல்லாம் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தும் பிறப்பு முந்திவிட்டது என்பது மூன்றாவது. ஏழாவது வாரத்தில் துடிப்பு தெரிந்ததால் ‘வயபிள்’ என்று கேட்டு மகிழ்ந்த அதே தாய், இருபதாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்து வரும்போது அதே சிசுவைப் பற்றி ‘வயபிள் அல்ல’ என்று கேட்கிறாள். சொன்னவர்கள் இருவரும் தங்கள் துறை வழக்கப்படி சரியாகவே பேசினார்கள். இந்தக் குழப்பம் அகராதியோடு நிற்பதில்லை. அயர்லாந்தின் கால்வே நகரில் 2012 அக்டோபரில் சவிதா ஹலப்பனாவர் என்ற இந்தியப் பல் மருத்துவர், 17-ஆவது வாரத்தில் கரு கலையத் தொடங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார். சிசு பிழைக்க வழியே இல்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கர்ப்பத்தை முடித்துவிடும்படி அவர் கேட்டார். சிசுவின் இதயத்துடிப்பு இன்னும் இருக்கிறது என்று மறுத்தார்கள். அக்டோபர் 28 அன்று ரத்தத்தில் கிருமி பரவி அவர் இறந்தார். முப்பத்தொரு வயது. உண்மையாகவே வழியில்லாத இடத்தில் வழியில்லை என்பதை வைத்துச் செயல்படாமல் துடிப்பைக் கணக்கிலெடுத்தார்கள்; வழி இருக்கக்கூடிய இடத்தில் வழியே இல்லை என்று கைவிடுகிறார்கள். முன்னதில் தாய் இறந்தாள், பின்னதில் குழந்தை. இரண்டுக்கும் வேர் ஒன்று: ஒரு முத்திரையைக் கேள்வி கேட்காமல் நம்புவது.

இரண்டாவது நிலையில் மருத்துவம் தன் தவற்றை உணர்ந்து திருத்திக்கொண்டது என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். கருவின் நீளம் 5 மில்லிமீட்டர் ஆகியும் துடிப்பு தெரியாவிட்டால் அந்தக் கர்ப்பம் முடிந்துவிட்டது என்பது அமெரிக்காவில் நெடுநாள் விதி. வளர்ந்துவரும் நல்ல கருவும் சில நேரம் இந்த வலையில் சிக்கும் என்பது தெரிந்ததும், 2011-இல் பிரிட்டனிலும் 2013-இல் அமெரிக்காவிலும் அளவு 7 மில்லிமீட்டராக உயர்த்தப்பட்டது. ஐயம் இருந்தால் சில நாள் பொறுத்து மறுபடியும் ஸ்கேன் எடு என்பது நெறியாயிற்று. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் இருந்த கருக்களைப் பற்றி அதுவரை எவ்வளவு உறுதியாகப் பேசினார்கள்! ‘இல்லை’ என்று தவறாகச் சொல்வது, ‘இருக்கிறது’ என்று தவறாகச் சொல்வதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் முன்னதைத் திருத்த வாய்ப்பே வராது. இந்த எச்சரிக்கை 22 வார, 23 வாரக் குழந்தைக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

சட்டம் இந்தச் சொல்லை இரவல் வாங்கியதன் விளைவைப் பற்றியும் பேசியாக வேண்டும். ரோ தீர்ப்பு, சிசு பிழைக்க வல்லதாகும் கட்டத்தையே கருக்கலைப்பைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் பிறக்கும் கோடாக வைத்தது. 1992-இல் கேசி வழக்கு அந்தக் கோட்டைக் காத்தது. 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் தீர்ப்பு அதை அழித்தது. இடையில் 1979-இல் அதே நீதிமன்றம், வாரத்தையோ எடையையோ வைத்துச் சட்டமன்றம் அந்தக் கட்டத்தை நிர்ணயிக்க முடியாது, சிகிச்சை அளிக்கும் மருத்துவரே ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே கணிக்க வேண்டும் என்று சொன்னது. ஆக, இது இயற்கையின் அளவு என்று சொன்ன நீதிமன்றமே, இது ஒரு மருத்துவரின் கணிப்பு என்றும் சொல்லிவிட்டது. நீதிபதி சாண்ட்ரா ஓ’கானர் 1983-இல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், மருத்துவம் முன்னேற முன்னேற இந்தக் கோடு கருத்தரிப்பை நோக்கி நகரும் என்றும், ரோவின் கட்டமைப்பு தன்னோடு தானே மோதும் என்றும் சுட்டினார். அவருடைய மற்ற முடிவுகளை ஏற்காதவர்களும் இந்த ஒன்றை மறுக்க முடியாது. ஒரு பெண்ணின் உரிமை எந்த வாரத்தில் முடிகிறது என்பது, அவள் வீட்டுக்கு அருகில் எத்தகைய வென்டிலேட்டர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததாக இருப்பது நீதியாகாது. சிசுவைக் காக்க விரும்புபவர்களுக்கும் இது பயன்படாது. நல்ல மருத்துவமனை இல்லாத ஊரில் சிசுவுக்கு மதிப்பு குறைவு என்றாகிவிடும். நம் உச்ச நீதிமன்றத்தில் 2023 அக்டோபரில் 26 வாரக் கர்ப்பிணி ஒருவரின் வழக்கில், கருவைக் கலைக்க முதலில் அனுமதி கிடைத்தது. சிசு பிழைக்க வாய்ப்புண்டு என்று எய்ம்ஸ் மருத்துவரிடமிருந்து மின்னஞ்சல் வந்ததும் வழக்கு மறுபடி திறந்தது, இரு நீதிபதிகள் பிளவுபட்டார்கள், மூன்று நீதிபதிகள் அமர்வு அனுமதி மறுத்தது. கருக்கலைப்பில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, அந்த விவாதத்தைத் தாயின் நிலை, சிசுவின் மதிப்பு, சமூகத்தின் கடமை என்ற பெயர்களிலேயே நடத்துவது நேர்மை. நுரையீரல் முதிர்ச்சியின் மேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கப்படுவதில் மிகக் கனமானது துன்பம் பற்றியது. பிழைக்க வைத்துவிடுவது மட்டும் போதுமா? மாதக்கணக்கில் குழாய்களோடு கிடந்து, மூளையில் ரத்தம் கசிந்து, பார்வை போய், வாழ்நாள் முழுவதும் பிறர் துணையில் வாழும் நிலைக்கு ஒரு குழந்தையை இழுத்து வருவது இரக்கமா? இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பிரிவுகளிலேயே வேலை செய்பவர்கள். அவர்கள் கண்ட துயரத்துக்கு முன்னால் எவரும் அலட்சியமாகப் பேச முடியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-இல் 26 வாரத்துக்கு முன் பிறந்து பிழைத்தவர்களை ஆறு வயதில் பரிசோதித்தபோது, 22 விழுக்காட்டினருக்குக் கடுமையான குறைபாடும் 24 விழுக்காட்டினருக்கு நடுத்தரக் குறைபாடும் இருந்தன. எந்தக் குறைபாடும் இல்லாதவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இதைப் பெற்றோரிடம் மறைக்கும் மருத்துவர் கடமை தவறியவர். ஆனால் இந்தக் கேள்வி, குழந்தை பிழைக்குமா என்பதல்ல. பிழைத்தால் அந்த வாழ்க்கை எப்படி இருக்கும், அதை ஏற்கத் தயாரா என்பது. இதற்கு விடை சொல்லும் உரிமை முதலில் பெற்றோருக்கு உண்டு. ‘வயபிள் அல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிடும்போது, ஒரு மதிப்பீடு உடற்கூற்று உண்மையின் வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. பெற்றோரின் வாய் அங்கேயே அடைபடுகிறது. அந்த மதிப்பீடும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. கனடாவின் ஹாமில்டன் நகரில் சரோஜ் சைகலும் அவருடைய குழுவினரும், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்தவர்களை இளமைப் பருவம்வரை தொடர்ந்து கவனித்தார்கள். தங்கள் வாழ்க்கையின் தரத்தைப் பற்றி அவர்கள் சொன்னது, சரியான எடையில் பிறந்த சக வயதினர் சொன்னதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் இத்தகைய வாழ்க்கைகளுக்கு இட்ட மதிப்பெண், அதை வாழ்ந்தவர்களும் பெற்றவர்களும் இட்டதைவிடத் தாழ்வாக இருந்தது. வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தையை நெஞ்சோடு அணைத்து, வலி தெரியாமல் விடைகொடுப்பதும் அன்புதான். அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அவசரத்தில் நிற்கும் மருத்துவருக்குத் தெளிவான எண் ஒன்று வேண்டாமா என்பார்கள். வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. அந்த எண்ணே தெளிவற்றது என்பதுதான் சிக்கல். கர்ப்ப வாரம் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணப்படுகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்திருந்தாலும் ஐந்தாறு நாள் முன்பின் ஆகலாம். அப்போது எடுக்கத் தவறிய தாய்க்குப் பிழை இன்னும் பெரிது. 23 வாரமும் ஆறு நாளும் என்றால் கைவிடு, 24 வாரம் என்றால் காப்பாற்று என்று ஒரு நள்ளிரவை எல்லையாக வைப்பதற்கு இந்த அளவுகோல் தாங்காது. எடை, பெண் குழந்தையா ஆண் குழந்தையா, ஒற்றைச் சிசுவா இரட்டையா, தாய்க்கு ஸ்டீராய்டு போட்டார்களா என்பவை சேர்ந்து வாய்ப்பை மாற்றுகின்றன என்று 2008-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஸ்டீராய்டு ஊசி, பெண்ணாகப் பிறப்பது போன்ற ஒவ்வொன்றும் ஒரு வாரம் கூடுதலாக வளர்ந்ததற்கு ஏறத்தாழ ஒப்பான பலனைத் தந்தது. பிரிட்டனின் பிரசவகால மருத்துவச் சங்கம் 2019-இல் தன் வழிகாட்டுதலை மாற்றி, வாரத்தை மட்டும் பார்க்காமல் மொத்த அபாயத்தைக் கணித்து, 22-ஆவது வாரத்திலிருந்தே பெற்றோரோடு பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. துறையின் உள்ளே இருப்பவர்களே எல்லைக்கோட்டை விட்டுவிட்டு வாய்ப்பைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். வெளியே இருக்கும் நாம்தான் 24 என்று பிடித்துத் தொங்குகிறோம்.

கடைசியாக, வசதி. இந்தியாவில் 2020-இல் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அமெரிக்காவின் ஓரிரு மருத்துவமனைகள் செய்வதை வைத்து இங்கே பேசலாமா, 22 வாரக் குழந்தை ஒன்றுக்குச் செலவழிப்பதில் 32 வாரக் குழந்தைகள் எத்தனையைக் காப்பாற்றலாம் என்று கேட்பார்கள். முற்றிலும் சரியான கணக்கு. என் வாதத்துக்கு இதைவிட நல்ல துணையும் இல்லை. நம் நாட்டில் குறைமாதத்தில் பிறந்து இறப்பவற்றில் பெரும்பாலானவை எந்த ஏட்டின்படியும் பிழைக்க வல்லவை. 30 வாரம், 1,200 கிராம் உள்ள குழந்தை மாவட்டத் தலைநகரில் பிழைக்கும். சாலையே சரியில்லாத மலைக் கிராமத்தில் அதே குழந்தை இறக்கும். ‘இந்தக் குழந்தை பிழைக்காது’ என்று அங்கே சொல்லும்போது குறை குழந்தையின் மேல் விழுகிறது. ‘இந்தக் குழந்தையைக் காப்பாற்ற எங்களிடம் கருவி இல்லை’ என்று சொன்னால் குறை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கருவியைக் கேட்டு வாங்க முடியும், வண்டியைக் கேட்டு வாங்க முடியும். தமிழ்நாட்டில் 108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் பொருத்திய வண்டிகள் ஓடுகின்றன. பெரும்பொருளும் எல்லாவற்றுக்கும் தேவையில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தாயின் வெற்று மார்பில் குழந்தையைக் கட்டிவைத்தார். கங்காரு முறை பிறந்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்த பரிசோதனையில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைப் பிறந்தவுடனேயே தொடங்கியபோது முதல் 28 நாள் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. 2021-இல் வெளியான முடிவு இது. நிலையாகும்வரை தாயிடம் தரக் கூடாது என்று அதுவரை பிரித்து வைத்திருந்தோம்.

ஆகவே ஒவ்வொரு பிரசவப் பதிவேட்டிலும் ‘நான்-வயபிள்’ என்று எழுதப்படும் இடத்துக்கு அருகில் வேறு சில கட்டங்கள் இருக்க வேண்டும். வாரம் எந்த ஸ்கேனை வைத்துக் கணிக்கப்பட்டது, தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டதா, மூச்சு கொடுக்க முயன்றார்களா, முயலவில்லை என்றால் அது யார் முடிவு, பெற்றோரிடம் கேட்டார்களா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழி இருந்ததா என்பவை அவை. இவற்றை நிரப்பினால் மாவட்டத்துக்கு மாவட்டம் எந்தக் குழந்தைகளை உடல் கைவிட்டது, எந்தக் குழந்தைகளை நாம் கைவிட்டோம் என்பது தனித்தனியே தெரிந்துவிடும்.